பிளவின் இரு கரையிலும் மில்லிமீட்டர் பிடிப்பது

கலிபோர்னியாவின் கரீஸோ சமவெளியில் வாலஸ் கிரீக் என்று ஒரு சிற்றோடை இருக்கிறது. மலையிலிருந்து நேராக இறங்கி வருவது, பசிபிக் தட்டும் வட அமெரிக்கத் தட்டும் உரசி நகரும் சான் ஆண்ட்ரியாஸ் பிளவைத் தொட்டதும் சட்டென்று வலப்பக்கம் திரும்பும். பிளவை ஒட்டியே சுமார் 130 மீட்டர் போய், மறுபடி இடப்பக்கம் திரும்பித் தன் பழைய திசையைப் பிடிக்கும். ஓடை தானாக வளையவில்லை, பிளவுக்கு அப்பால் இருக்கும் நிலம் நகர்ந்து அதை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அந்த 130 மீட்டருக்குச் சுமார் 3,700 ஆண்டுகள் ஆயின என்று, ஓடைப் படிவுகளின் வயதைக் கணித்து, கெரி சீ, ரிச்சர்ட் ஜான்ஸ் இருவரும் 1984-இல் எழுதினார்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய 34 மில்லிமீட்டர்.

ஆனால் அங்கே பிளவுக்கோட்டின் மேல் போய் நின்றால் ஒரு அசைவும் தெரியாது. 1857 ஜனவரி 9 அன்று வந்த பெரும் பூகம்பத்துக்குப் பிறகு அந்தப் பகுதி இறுகிக் கிடக்கிறது. தட்டுகள் நகர்வதை நிறுத்தவில்லை, மேல் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் பாறை மட்டும் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு வளைகிறது. ஜிபிஎஸ் வைத்து நாம் அளக்க நினைப்பது அந்த வளைவைத்தான்.

வளைவு எப்படிப் பரவும் என்பதற்கு 1973-இல் சாவேஜ், பர்ஃபோர்ட் இருவரும் தந்த எளிய சூத்திரம் இன்றும் முதல் கணக்குக்குப் போதும். பிளவிலிருந்து உங்கள் ஜிபிஎஸ் நிலையம் இருக்கும் தொலைவை, பிளவு இறுகியிருக்கும் ஆழத்தால் வகுத்து, அதற்குத் தலைகீழ் டேன்ஜென்ட் எடுங்கள் (ரேடியனில்). அதைத் தட்டுகளின் மொத்த நகர்வால் பெருக்கி π-ஆல் (பை) வகுத்தால் அந்த நிலையத்தின் ஆண்டு நகர்வு வந்துவிடும். நகர்வு 34 மில்லிமீட்டர், ஆழம் 15 கிலோமீட்டர் என்று வையுங்கள். 5 கிலோமீட்டரில் இருக்கும் நிலையம் ஆண்டுக்கு 3.5 மில்லிமீட்டர் நகரும். 15 கிலோமீட்டரில் 8.5. 30-இல் 12. 60-இல் 14.4. நூறு கிலோமீட்டர் தள்ளிப் போனாலும் 15.4 தான், மொத்த நகர்வில் பாதியான 17-ஐ எட்டாது. மறுகரையிலும் இதே எண்கள், எதிர்த் திசையில்.

இந்த எண்களைப் பார்த்தாலே நிலையங்களை எங்கே வைக்க வேண்டும் என்பது பாதி தெளிவாகிவிடும். மொத்த வேறுபாட்டில் பாதி, பிளவுக்கு இருபுறமும் 15 கிலோமீட்டருக்குள் விழுகிறது. ஆழத்தைச் சொல்வது அந்த நிலையங்கள். மொத்த வேகத்தைச் சொல்வது தொலைவில் இருப்பவை. பலர் செய்யும் தவறு, பிளவுக்கு அருகிலேயே எல்லாவற்றையும் குவிப்பது. அப்போது வேகத்தையும் ஆழத்தையும் ஒரே விகிதத்தில் கூட்டினாலும் குறைத்தாலும் அதே வளைவு கிடைக்கும், இரண்டையும் பிரிக்கவே முடியாது. ஒவ்வொரு கரையிலும் 2, 5, 10, 20, 40, 80 கிலோமீட்டர் என்று பெருகிக்கொண்டே போகும் இடைவெளி நல்ல தொடக்கம். மிகத் தொலைவில் ஒரு எச்சரிக்கை: பசிபிக் தட்டுக்கும் வட அமெரிக்கத் தட்டுக்கும் இடையிலான மொத்த நகர்வு ஆண்டுக்குச் சுமார் 50 மில்லிமீட்டர். சான் ஆண்ட்ரியாஸ் அதில் ஒரு பங்குதான். கிழக்கே பாலைவனத்திலும் மேற்கே கடற்கரையோரத்திலும் வேறு பிளவுகள் மீதியை ஏற்றுக்கொள்கின்றன. அவற்றின் கணக்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பிளவு இறுகாமல் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தால் படம் வேறு. சான் ஹுவான் பவுட்டிஸ்டாவிலிருந்து பார்க்ஃபீல்டு வரை சான் ஆண்ட்ரியாஸ் அப்படித்தான் ஊர்கிறது. அங்கே நகர்வு பரவாது, பிளவுக்கோட்டிலேயே படிக்கட்டுபோல் வெட்டி நிற்கும். அதைப் பிடிக்க, சில நூறு மீட்டருக்குள் இரு கரையிலும் ஒரு ஜோடி நிலையம் வேண்டும்.

இனி, எதில் நிறுத்துவது என்பது. செயற்கைக்கோள், மென்பொருள், அணுக்கடிகாரம் என்று எல்லோரும் மேலேயே பார்க்கிறார்கள். மில்லிமீட்டர் கைநழுவிப் போவது பெரும்பாலும் ஆன்டெனாவுக்கும் பாறைக்கும் இடையிலான சில மீட்டரில்தான். களிமண் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும். சரிவில் மேல்மண் தானாகக் கீழே இறங்கும். கட்டடக் கூரை வெயிலில் விரியும். இவை ஒவ்வொன்றும் பிளவின் ஓராண்டு நகர்வைவிடப் பெரிதாக இருக்கக்கூடும். பிளவின் பள்ளத்தாக்கில் மண்தான் இருக்கும் என்பதால், நமக்கு மிகவும் வேண்டிய இடமே மிகவும் மோசமான தரையாக அமைந்துவிடுகிறது.

பாறை வெளியே தெரிந்தால் வேலை எளிது. திடமான, பிளவுபடாத, சுத்தியலால் தட்டினால் கணீரென்று ஒலிக்கும் பாறையாகத் தேர்ந்தெடுங்கள். பொத்தென்று ஒலித்தால் அது கீழே தனியாகக் கழன்ற பலகை. துளை போட்டு, தூசியை ஊதி எடுத்து, துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை எபாக்ஸியில் நிறுத்துங்கள். தூசியை ஊதாமல் எபாக்ஸி ஊற்றினால் அது பாறையைப் பிடிக்காது. சில மாதங்களில் கம்பியைக் கையால் திருக முடியும்.

பாறை இல்லாத இடத்துக்கு ஆழத் துளையிட்ட தாங்குகால் அமைப்பு. 2003 முதல் 2008 வரை அமெரிக்காவின் மேற்கில் ஏறத்தாழ 1,100 நிரந்தர நிலையங்கள் கட்டியபோது இந்த அமைப்பைப் பரவலாகப் பயன்படுத்தினார்கள். நடுவில் செங்குத்தாக ஒரு குழாய், சுற்றிலும் சாய்வாக நான்கு. ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு மீட்டர் கீழே போகும். மேலே தரைக்குச் சற்று உயரத்தில் எல்லாம் ஒன்றுகூடி வெல்டிங் ஆகும். இதில் உயிர்நாடி, மேல் நான்கைந்து மீட்டரில் குழாயைச் சுற்றிப் போடும் உறைதான். அந்த உறை இருந்தால் மேல்மண் உப்பினாலும் சுருங்கினாலும் குழாயைப் பற்றி இழுக்காது. கீழ்ப்பகுதியை மட்டுமே சிமென்ட் கலவையால் நிலத்தோடு கட்ட வேண்டும். உறைக்குள் கலவை ஏறிவிட்டால் செலவெல்லாம் வீண். பாறை இரண்டு மீட்டருக்குள் கிடைத்தால் இதே அமைப்பின் குட்டை வடிவம் போதும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வானம் அடிவானத்துக்கு மேல் பத்து டிகிரி வரை திறந்திருக்கிறதா என்று சுற்றிப் பாருங்கள். இன்று சிறியதாக இருக்கும் ஓக் மரம் பத்தாண்டில் எவ்வளவு வளரும் என்பதையும் யோசியுங்கள். மரம் வளர வளர எதிரொலித்து வரும் அலைகள் மெல்ல மாறும். தரவில் அது நிலம் ஏறுவதுபோலவோ இறங்குவதுபோலவோ தெரியும். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரைத் தேடுபவருக்கு இதைவிட ஏமாற்றும் பிழை வேறு இல்லை, ஏனென்றால் அதுவும் நிலத்தைப்போலவே மெதுவாக, சீராக நகரும். தகர வேலி, உலோகக் கூரை, வாகனம் நிற்கும் இடம் எல்லாம் தள்ளியே இருக்கட்டும். மேய்ச்சல் நிலமானால் கேபிளைக் குழாய்க்குள் விட்டுப் புதைத்துவிடுங்கள். மாடும் எலியும் கடித்து வைக்காத கேபிள் கிடையாது.

எல்லா இடத்திலும் நிரந்தர நிலையம் கட்டப் பணம் இருக்காது. ஒரு குறியை மட்டும் பதித்துவிட்டு, ஆண்டுக்கு ஒருமுறையோ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையோ முக்காலியோடு வந்து அளப்பது மலிவான வழி. ஆனால் ஒவ்வொரு முறையும் கை தவறும் வாய்ப்பு உண்டு. 1.5 மீட்டர் உயர முக்காலியில் சமன் காட்டும் வட்டக் குமிழி ஒரே ஒரு கோடு, அதாவது சுமார் 8 ஆர்க் நிமிடம், விலகியிருந்தால் ஆன்டெனா குறிக்கு நேர் மேலே இராமல் 3.5 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். மேலே சொன்ன 5 கிலோமீட்டர் நிலையத்தின் ஓராண்டு நகர்வு எவ்வளவு? அதே 3.5. ஒரு குமிழிக் கோட்டில் ஒரு ஆண்டு போய்விடுகிறது.

ஆகவே கிளம்பும் முன்பே டிரைபிராக்கை, அதாவது முக்காலியின் மேல் ஆன்டெனாவை ஏந்திச் சமன் செய்யும் தளத்தை, சோதியுங்கள். சமன் செய்து, ஒளிக்குழாய் வழியாகத் தரையில் தெரியும் புள்ளியைக் குறித்து, 120 டிகிரி திருப்பி மறுபடி சமன் செய்து குறித்து, இன்னொரு 120 டிகிரி திருப்பிக் குறியுங்கள். மூன்றும் ஒன்றாக விழ வேண்டும். முக்கோணமாக விழுந்தால் அதன் நடுவே உண்மையான மையம், கருவியைத் திருத்த வேண்டும். முடிந்த இடங்களில் முக்காலியையே விட்டுவிட்டு, குறியில் நேரடியாகத் திருகும் நிலையான உயரக் கம்பியைப் பயன்படுத்துங்கள். முக்காலியின் பெரும்பாலான பிழைகள் அதோடு ஒழியும்.

முக்காலிதான் என்றால், ஆன்டெனா உயரத்தைச் சாய்வாகத்தான் அளக்க முடியும்: குறியிலிருந்து ஆன்டெனா விளிம்புக்கு. மூன்று வெவ்வேறு இடங்களில் அளந்து, ஒன்றுக்கொன்று ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போகிறதா பாருங்கள். மீட்டரிலும் அங்குலத்திலும் தனித்தனியாக எழுதுங்கள். எண்ணை மாற்றி எழுதிய தவறு அப்போதுதான் அகப்படும். எதிரொலி அலைகளைத் தடுக்க வளையங்கள் கொண்ட சோக் ரிங் ஆன்டெனாவின் ஆரம் சுமார் 19 சென்டிமீட்டர். சாய்வில் 1.512 மீட்டர் அளந்தால் செங்குத்து உயரம் 1.500 தான். பதிவேட்டில் "சாய்வு" என்று எழுத மறந்துவிட்டால் 12 மில்லிமீட்டர் பிழை அமைதியாக உள்ளே போய்விடும். கருவியைக் கழற்றும் முன் இன்னொரு முறை அளக்க வேண்டும், இடையில் முக்காலிக் கால் மண்ணில் இறங்கியிருக்கலாம்.

ஆன்டெனாவின் வடக்குக் குறி உண்மையான வடக்கைப் பார்க்க வேண்டும். நடுக் கலிபோர்னியாவில் காந்த ஊசி பன்னிரண்டு பதின்மூன்று டிகிரி கிழக்கே விலகிக் காட்டும். ஒரே குறியில் ஒவ்வொரு முறையும் அதே ரக ஆன்டெனாவை வைப்பது இன்னும் முக்கியம். அலையை ஆன்டெனா உணரும் மையம் ரகத்துக்கு ரகம் மாறும், ஒரே ஆன்டெனாவிலும் அலை வரும் கோணத்துக்கு ஏற்ப மாறும்.

24 மணி நேரம் வீதம் குறைந்தது இரண்டு முழு நாள், மூன்று கிடைத்தால் நல்லது. நாள் கணக்கை உலகப் பொது நேரத்தில் வையுங்கள். உள்ளூர் நேரத்தில் தொடங்கினால் முதல் நாளும் கடைசி நாளும் அரைகுறையாகப் போகும். பேட்டரிக் கணக்கு எளிது: ரிசீவர் 5 வாட் எடுத்தால் நாளுக்கு 120 வாட்-மணி, 12 வோல்ட்டில் 10 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்காமல் ஐந்து நாள் ஓட்டலாம். அடுத்த முறை வருவது அதே பருவத்தில் இருக்கட்டும். மழைக்காலத்தில் ஒன்று, கோடையில் ஒன்று என்று அளந்தால் நிலத்தின் பருவ மூச்சு பிளவின் நகர்வோடு கலந்துவிடும்.

இப்படிக் கவனமாக அளந்த ஒரு முறையின் பிழை 3 மில்லிமீட்டர் என்று கொண்டால், ஓராண்டு இடைவெளியில் இரண்டு முறை அளந்து கணிக்கும் வேகத்தின் பிழை ஆண்டுக்கு 4.2 மில்லிமீட்டர். ஐந்தாண்டு இடைவெளியில் 0.85. பத்தாண்டில் 0.42. காத்திருப்பதைப்போலக் குறைந்த செலவில் துல்லியம் தரும் கருவி எதுவும் இல்லை.

ஒரு மில்லிமீட்டர் எப்படிச் சாத்தியம் என்ற கேள்விக்குப் பதில், கைபேசி செய்வதுபோல் குறியீட்டை வைத்துத் தொலைவு அளக்காமல், அலையின் கட்டத்தையே, அதாவது ஓர் அலையின் எந்தப் பகுதி வந்து சேர்கிறது என்பதையே, அளப்பதில் இருக்கிறது. ஜிபிஎஸ் அனுப்பும் அலைகளில் எல்1-இன் அலைநீளம் சுமார் 19 சென்டிமீட்டர், எல்2-இன் அலைநீளம் 24.4. ரிசீவர் ஓர் அலையின் நூறில் ஒரு பங்கைப் பிரித்தறியும். அது 2 மில்லிமீட்டர். செயற்கைக்கோளுக்கும் நமக்கும் நடுவே மொத்தம் எத்தனை முழு அலைகள் என்பது மட்டும் தெரியாது. அந்த முழு எண்ணைச் சரியாகப் பூட்டுவதே செயலாக்க மென்பொருளின் தலையாய வேலை. பூட்டினால் கிழக்கு-மேற்கு அச்சுதான் மிகுதியாகத் தெளியும். அயனமண்டலத்தின் தாமதம் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்குத் தலைகீழாக இருப்பதால் இரண்டு அலைகளையும் சேர்த்து அதைக் கழித்துவிடலாம். விலையாக இரைச்சல் மூன்று மடங்காகும். 30 விநாடிக்கு ஒன்று வீதம் நாளுக்கு 2,880 பதிவுகளைச் சராசரி செய்வதால் அதைத் தாங்க முடிகிறது. அடிவளிமண்டலத்தை அப்படிக் கழிக்க இயலாது. உச்சித் திசையில் வறண்ட காற்றால் மட்டும் 2.3 மீட்டர் தாமதம், நீராவியால் இன்னும் பல சென்டிமீட்டர், அதுவும் மணிக்கு மணி மாறும். இதை நிலைய உயரத்தோடு சேர்த்தே கணிக்க வேண்டியிருக்கிறது. செயற்கைக்கோள்களும் நமக்கு மேலே மட்டுமே உண்டு, கீழே இல்லை. அதனால் கிடைமட்டத்தில் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் வரும் நாளில், செங்குத்தில் அதன் மூன்று மடங்கு சிதறும். பக்கவாட்டில் நகரும் சான் ஆண்ட்ரியாஸுக்கு இது பெரிய தடையில்லை. ஒரு கரை மேலேறும் பிளவுகளுக்கு இதுதான் தலைவலி.

செயலாக்கத்துக்கு, ஐஜிஎஸ் என்ற பன்னாட்டுச் சேவை தரும் செயற்கைக்கோள்களின் இறுதிப் பாதைத் தரவைப் பயன்படுத்துங்கள். இரண்டு வாரம்போல் தாமதமாகும், அவசரம் இல்லையென்றால் காத்திருங்கள். காமிட், பெர்னீஸ், ஜிப்ஸிஎக்ஸ் என்ற மென்பொருள்கள் ஆய்வுக்கூடங்களின் வழக்கம். சிறு குழுவுக்கு, கனடா அரசின் சிஎஸ்ஆர்எஸ்-பிபிபி, ஆஸ்திரேலியாவின் ஆஸ்போஸ் போன்ற இணையச் சேவைகளே நல்ல தொடக்கம்: கோப்பை ஏற்றினால் இடநிலை வந்துவிடும். ஏற்றும் முன் கோப்பின் தலைப்பில் ஆன்டெனா பெயரும் உயரமும் சரியா என்று பாருங்கள். மென்பொருள் அதை நம்பித்தான் கணிக்கிறது.

வரும் இடநிலை உலகச் சட்டகத்தில், அதாவது பூமி முழுமைக்கும் பொதுவான ஆய அமைப்பில், இருக்கும், அதில் எல்லாத் தட்டுகளும் நகர்கின்றன. வட அமெரிக்கத் தட்டின் சுழற்சியைக் கழித்த பிறகே பிளவு தெரியும். பழைய தரவை ஐஜிஎஸ்14 சட்டகத்திலும், 2022 நவம்பர் இறுதிக்குப் பிந்தையதை ஐஜிஎஸ்20-இலும் வைத்துக்கொண்டு ஒரே கோட்டில் சேர்த்தால் உண்மையில் இல்லாத ஒரு படி, அதாவது திடீர்த் தாவல், முளைக்கும். முழுவதையும் ஒரே சட்டகத்தில் மறுபடி கணித்தே ஆக வேண்டும். பிறகு கிழக்கு, வடக்கு வேகங்களைப் பிளவின் திசைக்கு மாற்றுங்கள். கரீஸோவில் பிளவு வடக்கிலிருந்து ஏறத்தாழ 40 டிகிரி மேற்காகப் போகிறது.

நாள்வாரியாக அடுக்கிய இடநிலைகளின் காலத்தொடரில் நேர்கோடு போடுவது மட்டும் வேலையல்ல. ஆண்டுச் சுழற்சி, அரையாண்டுச் சுழற்சி, ஆன்டெனா மாற்றிய நாட்களின் படிகள், பூகம்பப் படிகள் எல்லாவற்றையும் சேர்த்தே பொருத்த வேண்டும். இரண்டரை ஆண்டுக்குக் குறைந்த தொடரில் பருவ அலை வேகத்தைக் கணிசமாகத் திரித்துவிடும் என்று பிளூவிட், லாவல்லே இருவரும் 2002-இல் காட்டினார்கள். நாலரை ஆண்டு அவர்கள் பரிந்துரைத்த பாதுகாப்பான அளவு. இன்றைய பிழை நேற்றைய பிழையைச் சார்ந்தே இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. ஒவ்வொரு நாளும் தனித்தனி என்று கொண்டு கணித்தால் பிழை வரம்பு ஐந்து மடங்குக்கும் மேல் சிறிதாகக் காட்டும். 0.1 மில்லிமீட்டர் துல்லியம் என்று அச்சாகும் பல எண்களின் பின்னணி இதுதான். அறியாத படிகள் ஒளிந்திருக்கும் தொடருக்கு மைடாஸ் முறை நன்றாக உதவும். ஓராண்டு இடைவெளியுள்ள நாள்களை ஜோடி ஜோடியாக எடுத்து, அவற்றின் சரிவுகளில் நடு எண்ணை வேகமாகக் கொள்ளும் முறை அது. ஆன்டெனா பழுதாகாதவரை அதை மாற்றவே மாற்றாதீர்கள். புதிய மாடல் வந்துவிட்டது என்பது காரணம் ஆகாது.

பிளவில் பிறக்காத நகர்வுகளும் உண்டு, அவற்றில் பெரியது தண்ணீர். கரீஸோவுக்கு அடுத்த சான் ஹோகின் பள்ளத்தாக்கில், பாசனத்துக்கு நிலத்தடி நீரை இறைத்ததால் மெண்டோட்டா அருகே 1925 முதல் 1977 வரை தரை சுமார் 8.5 மீட்டர் இறங்கியது. அப்படி இறங்கும் கிண்ணத்தின் விளிம்பில் இருக்கும் நிலையம் கிண்ணத்தின் நடுவை நோக்கிப் பக்கவாட்டிலும் இழுபடும். அதைப் பிளவின் நகர்வாக எடுத்துக்கொண்டால் மாதிரி முழுதும் கோணலாகும். விந்தை என்னவென்றால் சுற்றியுள்ள பாறை மலைகள் வறட்சியில் மேலே எழும், தண்ணீரின் பாரம் குறைவதால். களிமண் படுகை இறங்கி, பாறை ஏறினால் சந்தேகம் முதலில் தண்ணீர்மேல் விழட்டும்.

இத்தனையும் வருங்கால முன்கணிப்புக்கு என்று நினைத்தால் பார்க்ஃபீல்டைப் பார்க்க வேண்டும். 1857, 1881, 1901, 1922, 1934, 1966 என்று ஏறக்குறைய ஒழுங்கான இடைவெளியில் அங்கே பூகம்பங்கள் வந்தன. அடுத்தது 1993-க்குள் வரும் என்று 1985-இல் அறிவித்து, கருவிகளை வரிசையாக நட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். வந்தது 2004 செப்டம்பர் 28 அன்று, 6.0 அளவில். நாள் தவறியது. நட்ட கருவிகள் தவறவில்லை. விநாடிக்கு ஒரு பதிவு எடுத்துக்கொண்டிருந்த ஜிபிஎஸ் நிலையங்கள் பிளவை ஒட்டியே இருந்ததால், அதிர்வு நின்ற பின்னும் பிளவு நழுவிக்கொண்டே போனதைப் பிடித்தன. அடுத்து வந்த காலத்தில் அந்த மெல்லிய நழுவல் பூகம்பத்தின்போது நழுவியதையே மிஞ்சியது.

அந்தப் பின்நழுவல் மடக்கை வளைவில் குறையும்: முதல் மணிநேரங்களில் வேகம், பிறகு நாளாக ஆக மெதுவாக. அதனால் பூகம்பம் வந்தால் விநாடிப் பதிவுக் கோப்புகளை உடனே இறக்கிப் பத்திரப்படுத்துங்கள். சில நாள்களில் ரிசீவர் அவற்றின்மேல் புதியதை எழுதிவிடும். நாள் சராசரியை மட்டும் வைத்துப் படியின் அளவைக் கணித்தால் பின்நழுவலின் முதல் பகுதி பூகம்பக் கணக்கில் சேர்ந்துவிடும். முக்காலிக் குறிகளுக்கு முதல் இரண்டு நாள்களுக்குள் போய்ச் சேருங்கள், ஆன்டெனாவை வைத்துவிட்டு வாரக்கணக்கில் அங்கேயே ஓடவிடுங்கள். நிரந்தர நிலையத்தின் வேலி சாய்ந்திருந்தாலும் ஆன்டெனாவைத் தொடாதீர்கள். முதலில் அருகே பதித்துவைத்த சாட்சிக் குறிகளுக்கு, கோணமும் தொலைவும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியை வைத்து அளந்து, கம்பம் சாய்ந்ததா நிலம் நகர்ந்ததா என்று பிரித்தறிந்த பிறகே பழுது பார்க்கலாம்.